வால்ஹைம்: பனிமலை மேலேயா, மலை தெரிகிற கரையிலா? நிரந்தர பேஸ் எங்கே போடலாம்

நெய்தல்கரை:

நண்பர்களே, நானும் என் தங்கையும் சேர்ந்து வால்ஹைம் என்கிற வைகிங் வீடியோ கேம் ஆடுகிறோம். இரண்டாவது பாஸான எல்டரை அடித்தாகிவிட்டது, அடுத்து ஸ்வாம்ப் என்கிற சதுப்பு நிலத்துக்குப் போய் இரும்பு எடுக்க வேண்டும். இப்போது இருப்பது ஆரம்பக் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் அவசரத்துக்குப் போட்ட ஒரு குடிசைதான். இனி நிரந்தரமாக ஒரு நல்ல வீடு கட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், பார்க்க அழகான இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் நிபந்தனை, வசதியெல்லாம் அதற்கு அப்புறம்.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, பனிமலையில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு விளிம்பு. இரண்டாவது, மெடோஸ் என்கிற பசும்புல் நிலத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனை, முதுகுப்பக்கம் பிளாக் ஃபாரஸ்ட் காடு, எதிர்க்கரையில் அதே பனிமலை தெரிகிறது. மூன்றாவது பிளெய்ன்ஸ் என்கிற சமவெளியின் கரை, மாலை வெயிலில் அந்தப் புல்வெளி முழுக்கப் பொன்னாக மின்னுகிறது, தங்கைக்கு அதுதான் வேண்டுமாம். எனக்கு மலைதான். நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன்?

பாய்மரம்:

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம்.

இந்த விளையாட்டில் வானிலை நீங்கள் நிற்கிற பயோமை, அதாவது நிலவகையைப் பொறுத்து மாறும், நீங்கள் பார்க்கிற பயோமைப் பொறுத்து இல்லை. மலை மேல் நின்றால் பனிப்புயல் அடிக்கடி வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிடும், கீழே கடல் இருப்பதே தெரியாது. அதே மலையை மெடோஸில் நின்று பார்த்தால் பெரும்பாலும் தெளிந்த வானம், வெயிலில் பனி முகடு பளிச்சென்று தெரியும், அதற்கும் மேலே வானத்தில் இக்ட்ராசில் என்கிற உலகமரத்தின் கிளை படர்ந்திருக்கும். அழகான இடத்துக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் அந்த அழகு உங்கள் கண்ணுக்குப் படாது, எதிரே உட்கார்ந்தால்தான் படும். நான் பேஸுக்கு இடம் தேடும்போது முதலில் பார்ப்பதே இதைத்தான்.

பிளெய்ன்ஸ் கரை தங்கைக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை, மாலை நேரத்தில் அதற்கு நிகரே கிடையாது. ஆனால் எல்டர் முடித்த நிலையில் அங்கே குடியேறினால் அந்தக் கொசு இருக்கிறதே, டெத்ஸ்குவிட்டோ, அது நிம்மதியாக ஒரு தூண் நடவிடாது. பார்லியும் ஃப்ளாக்ஸும் பிளெய்ன்ஸில் மட்டும்தான் விளையும் என்பதால் பின்னால் எப்படியும் அங்கே ஒரு தோட்டம் போடத்தான் போகிறீர்கள். அப்போது தங்கைக்கு அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்து, நொடியில் போய்வர ஒரு போர்ட்டலும் போட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், தாதுவும் உலோகமும் சாதாரண செட்டிங்கில் மரப் போர்ட்டல் வழியாகப் போகாது. 2023-இல் வந்த உலக செட்டிங்கில் அதை மாற்றிக்கொள்ள முடியும், மாற்றாமல் ஆடுகிறீர்கள் என்றால் இரும்பு, வெள்ளி எல்லாம் படகில்தான் வர வேண்டும். நிலமுனை என்றால் வீட்டு வாசலிலேயே படகுத்துறை. எதிர்க்கரை மலையில் வெள்ளி கிடைத்தால் நேராகக் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

குறிஞ்சிமுகடு:

பாய்மரம் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். மலை மேல் புயல் அடிக்கும், சரி. ஆனால் புயல் ஓய்ந்த இரவில் அங்கே நின்று கீழே பார்க்கிற காட்சியை எந்தக் கரையும் தராது. நான் மலையில்தான் இருக்கிறேன், முற்றத்தில் பழக்கிய ஓநாய்கள் காவல், ராத்திரி அதுகள் ஊளையிடுவதைக் கேட்டுக்கொண்டே அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பது தனி சுகம்.

ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஓநாய்த்தோல் போர்வை செய்ய வெள்ளி வேண்டும், அதுவரை குளிர் தாங்கும் மீட் பானம் குடித்துக் குடித்துத்தான் கட்டட வேலை பார்க்க முடியும். டிரேக் என்கிற டிராகன் வேறு பறந்து வந்து பனிக்கட்டியாக எய்யும். கேரட், டர்னிப் எதுவும் அந்த மண்ணில் முளைக்காது. மலையின் பாஸான மோடரை முடித்த பிறகு அந்த விளிம்பில் ஓர் ஓய்வு வீடு கட்டுங்கள், இடத்தை மேப்பில் இப்போதே குறித்து வையுங்கள்.

நெய்தல்கரை:

வானிலை விஷயம் எனக்குத் தெரியாது, இப்போதுதான் புரிகிறது ஏன் மலையில் நின்றால் எப்போதும் மங்கலாகவே இருக்கிறது என்று. தங்கையும் தோட்ட வீட்டுக்குச் சம்மதித்துவிட்டாள். அப்படியென்றால் நிலமுனைதான். இரண்டு சந்தேகம். பின்னால் பிளாக் ஃபாரஸ்ட் இருக்கிறது, ட்ரோல் ரெய்டு (பூதங்களின் திடீர்த் தாக்குதல்) வந்தால் என்ன செய்வது? சுற்றி மதில் எழுப்பினால் காட்சியே போய்விடுமே. அப்புறம் கடலைப் பார்த்த பக்கம் முழுக்கத் திறந்து விடலாமா?

கல்தச்சன்:

மதில் வேண்டாம். நிலமுனையின் கழுத்து எங்கே ஒடுங்குகிறதோ அங்கே பிக்ஆக்ஸால் குறுக்கே வெட்டுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் தானாக நிரம்பிவிடும், உங்கள் முனை தனித் தீவாகிவிடும். நிலத்தை அதன் இயல்பான உயரத்திலிருந்து 8 மீட்டர் வரைதான் தோண்டலாம், ஏற்றலாம். அதனால் மேடான இடத்தை விட்டுவிட்டுத் தாழ்வான இடத்தில் வெட்டுங்கள். பறந்து வருவதை அகழி தடுக்காது, அதற்கு வில் இருந்தால் போதும்.

திறந்த பக்கம் பற்றி: கூரை இல்லாத மரம் மழையில் நனைந்து பாதி வலுவை இழக்கும், நிறமும் கறுத்துப்போகும். ஆகவே கடல் பக்கம் சுவரை விட்டுவிடுங்கள், ஆனால் இறவாரத்தைத் தாராளமாக வெளியே நீட்டுங்கள், தரைப்பலகை முழுக்க அதன் நிழலுக்குள் வர வேண்டும். வொர்க்பென்ச்சைத் திண்ணையில் போடாதீர்கள், சுற்றிலும் போதிய மறைப்பு இல்லையென்றால் அது வேலை செய்யாது, பின்னறைக்குக் கொண்டுபோங்கள். பின்னால் மலையில் ஸ்டோன் கோலம் என்கிற கல் அரக்கனை அடிக்கத் தொடங்கியதும் கிடைக்கிற கிரிஸ்டலில் கண்ணாடி மாதிரி சுவர் வைக்கலாம், 2021 செப்டம்பரில் ஹார்த் அண்ட் ஹோம் அப்டேட்டில் வந்தது அது. திண்ணையை அதனாலேயே மூடிவிட்டால் காட்சியும் மறையாது.

தயவுசெய்து ஹோ (மண்வெட்டி) எடுத்து முனை முழுவதையும் சமமாக்கிவிடாதீர்கள். பலர் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் நல்ல சரிவு, பாறை, பூ எல்லாம் போய் வெறும் மண்தரை மிஞ்சும். கோர்வுட் மரக் கம்பங்களைச் சரிவிலேயே நட்டு மேலே தளம் போடுங்கள். எவ்வளவு தாங்கும் என்பதை நிறம் காட்டும்: மண்ணைத் தொடுகிற தூண் நீலமாகத் தெரியும், உயரப் போகப் போக பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும், சிவப்புக்கு மேல் அடுத்த துண்டு நிற்காது.

பாய்மரம்:

கல்தச்சனோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். படகுத்துறைத் தளத்தை அமைதியான நாளில் தண்ணீர் நிற்கிற மட்டத்தை வைத்து அளக்காதீர்கள், புயல் நாளில் அலை நன்றாக மேலே ஏறும். லாங்ஷிப் என்கிற பெரிய படகுக்கு ஆழமும் வேண்டும், துறை ஓரம் கல் இருந்தால் பிக்ஆக்ஸால் உடைத்துவிடுங்கள்.

கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நெருப்பு மட்டும் மூட்டி, விளையாட்டுக் கணக்கில் ஒரு முழு நாள் உட்காருங்கள், நம் கணக்கில் 30 நிமிடம்தான். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறையும். மலை உங்களுக்குக் கிழக்கே இருந்தால் மாலை வெயில் அதன் முகத்தில் விழும், திண்ணையை அந்தப் பக்கம் வையுங்கள். மேற்கே இருந்தால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முகடு கறுப்பாகத்தான் தெரியும். எந்தத் திசை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், வீட்டுக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று அப்புறம் பேசலாம்.