அப்பாவின் கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

கும்பகோணத்து மகள்:
அப்பாவுக்கு 61 வயது. மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் வலி மாத்திரையோடு பான்டோப்ரசோல் 40 மி.கி. என்ற கேஸ் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வலி மாத்திரை ஒரே மாதத்தில் நின்றது, இது நிற்கவில்லை. காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறார். காலையில் இட்லி, காபி எல்லாம் முடித்த பிறகுதான் போடுகிறார். போன வாரம் அட்டையை ஒளித்து வைத்தேன். நான்காம் நாள் ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். ஆயுளுக்கும் போட்டுத்தான் ஆகவேண்டுமா?

மருந்தாளுநர்:
19 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். காலி அட்டையை நீட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

வயிற்றில் அமிலம் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவை மும்முரமாக ஓடும். இந்த மாத்திரை ஓடுகிற பம்பைத்தான் பூட்டும், ரத்தத்தில் தங்குவதும் சில மணி நேரம்தான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன், வெறும் வயிற்றில் போட வேண்டும். இட்லிக்கு அப்புறம் போட்டால் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். மேல் பூச்சு அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கத்தான் இருக்கிறது, உடைக்கவோ மெல்லவோ கூடாது.

நான்காம் நாள் வந்த எரிச்சலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பல மாதம் அமிலத்தை அடக்கி வைத்தால், அதைச் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறிவிடும். திடீரென நிறுத்தியதும் அமிலம் பொங்கும், அடங்கச் சில வாரம் ஆகலாம். டாக்டரிடம் கேட்டு 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். நடுவில் எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் சிரப் போதும். ஆனால் ஆஸ்பிரின் போடுகிறவர், குடல் புண்ணில் ரத்தம் கசிந்தவர் தானாக நிறுத்தவே கூடாது.

கும்பகோணத்து மகள்:
ஆஸ்பிரின் இல்லை. தைராய்டு மாத்திரை உண்டு.

மருந்தாளுநர்:
நல்லவேளை சொன்னீர்கள். அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் சரியாக உடம்பில் சேராது. கேஸ் மாத்திரையைக் குறைக்கும்போது டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள், தைராய்டு மாத்திரையின் அளவு மாற வேண்டியிருக்கலாம். சிரப்புக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சேலம் வாசகர்:
என் அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இதுவும் ஐந்து வருடம் சேர்த்துப் போட்டார். பாதம் மரத்து, செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடந்தார். பரிசோதித்தால் வைட்டமின் பி12 மிகவும் குறைவு. இரண்டுமே அதைக் குறைக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கும் பாருங்கள்.

மருந்தாளுநர்:
ஆமாம், பி12-ஓடு மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, எடை இறங்கினாலோ மெடிக்கலுக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஒரு ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஒருவர் வந்து கேஸ் மாத்திரை கேட்டார். சட்டை முதுகோடு நனைந்திருந்தது, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரை கொடுக்காமல் ஆட்டோ பிடித்து நானே ஏற்றிவிட்டேன். மாரடைப்பு. பிழைத்துவிட்டார், இன்றும் கடைக்கு வருகிறார்.

கும்பகோணத்து மகள்:
அட்டையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளை காலை ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குத்தான் இட்லி. திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.