மலையிலிருந்து எல்க் மான் இறைச்சியை இறக்குவது எப்படி?

கேள்வி:
அக்டோபரில் நண்பர்கள் மூவரோடு அமெரிக்காவின் கொலராடோ மலைக்கு முதல் எல்க் வேட்டைக்குப் போகிறேன். வண்டியிலிருந்து முகாமுக்கு 5 கிலோமீட்டர் நடை. வேட்டை கிடைத்துவிட்டால் எப்படிக் கீழே கொண்டுவருவது?

பதில் 1:
சுடுவது சின்ன வேலை, அப்புறம்தான் முதுகு ஒடியும். போன வருஷம் நாங்கள் நால்வர், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஓர் ஆண் எல்க்கை வீழ்த்தினோம். எப்படியும் 300 கிலோ இருக்கும். வயிற்றைக் கிழிக்காமலே தோலை உரித்து, நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் தனித்தனியாக வெட்டி, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு மரநிழலில் தொங்கவிட்டோம். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். பின்னங்கால் ஒன்றே 30 கிலோ கனத்தது. ஆளுக்கு இரண்டு நடை. என் முழங்கால் இன்னும் திட்டுகிறது.

பதில் 2:
ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை இறைச்சியோடு ஒட்டியபடியே விடுங்கள். வெட்டி எடுத்தால் சட்டச் சிக்கல். துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடையும் தொப்பியும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
எலும்பை எடுத்துவிட்டால் சுமை குறையுமா?

பதில் 1:
குறையும். ஆனால் எலும்பில்லாத கறி பைக்குள் சரிந்து அடியில் போய் உட்காரும். இருந்தாலும், 5 கிலோமீட்டர் என்றால் நான் எலும்பை எடுத்துவிடுவேன்.