ஆடு பட்டையுரித்த மாங்கன்று தப்புமா?

விசுவமடு அக்கா:
பக்கத்து வளவு ஆடு வேலி பாய்ந்து வந்து, என் கறுத்தக்கொழும்பான் இன மா ஒட்டுக்கன்றின் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிட்டது. ஆனாலும் இலை பச்சையாகவே நிற்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், "காழ் தப்பிவிட்டது, உரியம் போய்விட்டது" என்கிறாள். எல்லைப் பனையோ போர்க்காலத்து எறிகணைத் துண்டு துளைத்தும் இன்றுவரை காய்க்கிறது. இது என்ன நியாயம்?

படிப்பிக்கிறவன்:
மகள் சொன்னது சரி அக்கா. தண்ணீரை ஏற்றும் காழ் உள்ளே மரப்பகுதியில் இருக்கிறது. இலை செய்த சீனியை வேருக்கு இறக்கும் உரியம் பட்டையோடு போய்விட்டது. இரண்டையும் புதிதாக உண்டாக்குவது இடையிலுள்ள மாறிழையம். ஆடு அதையும் சுரண்டியிருந்தால் வேர் சேமிப்பைத் தின்று தீர்த்துப் பட்டினி கிடக்கும். இலை அதன்பிறகுதான் வாடும்.

பனை ஒருவித்திலை, அதாவது விதையில் ஒரே வித்திலை உள்ள தாவரம். காழும் உரியமும் சேர்ந்த கலன்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் சில அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும். அவற்றைச் சுற்றியுள்ள வல்லருகுக்கலவிழைய (தடித்த சுவருள்ள கலங்களாலான) நார்தான் கூரைக்குப் போடும் பனஞ்சிலாகைக்கு அந்த உறுதியைத் தருகிறது. ஆனால் பனையில் மாறிழையம் இல்லை, துளை மூடாது. தண்டு நீள்வதும் உச்சிக் குருத்தில் புதுக் கலங்களை உண்டாக்கும் பிரியிழையத்தால்தான். எறிகணையில் தலை பறந்த பனைகள் திரும்பத் துளிர்க்காதது அதனால்தான்.

தோட்டக்காரன்:
முதலில் வேலியை அடையுங்கள் அக்கா! விரலளவு பட்டை மிஞ்சியிருந்தால் விட்டுப்பாருங்கள். முழுக்கப் போயிருந்தால் அதே இனக் குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலம்போல ஒட்டலாம். குச்சியைத் தலைகீழாக வைக்கக் கூடாது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் நம்பாதீர்கள், அது அடிக்கட்டையின் துளிர், கறுத்தக்கொழும்பான் அல்ல.