டபிள்யூ.எஃப்.ஏ.என் 1050 ஏ.எம். காலத்துக் கேசட் யாரிடமாவது இருக்கிறதா?

நியூயார்க்கின் இந்த விளையாட்டுப் பேச்சு வானொலி 1987 ஜூலை 1-இல் 1050 ஏ.எம்.மில் தொடங்கியது, முதலில் ஒலித்தது விளையாட்டுச் செய்தியாளர் சூசின் வால்ட்மன் குரல். 1988 அக்டோபரில், டபிள்யூ.என்.பி.சி. நிலையம் இருந்த 660 ஏ.எம். அலைவரிசைக்கு மாறியது. இடைப்பட்ட பதினைந்து மாதங்களின் ஒலிப்பதிவுகள்தான் தேவை.

தேதி எழுதாத கேசட்டும் உதவும். நிலைய அறிவிப்பில் 1050 வருகிறதா, 660 வருகிறதா என்பதிலேயே காலம் பிடிபடும். நியூயார்க் பேஸ்பால் அணியான மெட்ஸின் ஆட்ட ஸ்கோர் ஒன்று காதில் விழுந்தால் தேதியையே கண்டுபிடித்துவிடலாம்!

கணினியில் ஏற்றும் முன், கேசட் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யுங்கள், தவறினால் குரல் மங்கிவிடும். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) போடாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டு ஓட்டினாலும் அதே கதிதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்பு போதும். இரைச்சலை நீக்காதீர்கள். விளம்பரங்களை வெட்டவே வேண்டாம், அவையும் வரலாறுதான். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே சொல்லுங்கள்.