ஐசி குறியீட்டில் மறைந்திருக்கும் மின்வழங்கல் முனைகளை வரைந்து காட்ட வேண்டுமா?

நிலாவெளியான்:
வணக்கம். எங்கள் வெங்காயத் தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியதும் மோட்டாரை நிறுத்துவதற்கான சுற்றொன்றைக் கீகேட் என்ற சுற்று வரையும் மென்பொருளில் வரைந்து வருகிறேன். அதில் எல்.எம்.324 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி ஐந்து வோல்ட்டிலும், ஆறு இன்வேர்ட்டர்கள் (உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் லாஜிக் பகுதிகள்) கொண்ட 74எச்.சி.14 ஐசி 3.3 வோல்ட்டிலும் இயங்க வேண்டும். பழைய குறியீட்டு நூலகமொன்றிலிருந்து எடுத்த 74எச்.சி.14 குறியீட்டில் மின்வழங்கலுக்கான 14ஆம் முனையும் தரைக்கான 7ஆம் முனையும் தெரிவதில்லை. ஆனால் வரைபடத்தின் இணைப்புகளைச் சரிபார்க்கும் மின்விதிச் சோதனையோ வி.சி.சி. (ஐசியின் நேர்மின் வழங்கல்) என்ற இணைப்புக்கு மின்வழங்கல் இல்லை என்கிறது. வி.சி.சி. குறியீட்டோடு பவர் ஃபிளாக் என்ற அடையாளக் குறியீட்டை இட்டால் பிழை போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? முனைகளை வெளியே வரைந்தால் ஆறு இன்வேர்ட்டர்களைச் சுற்றியும் கோடுகள் மண்டிவிடாதா?

உப்புவெளி அண்ணன்:
தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். பவர் ஃபிளாக் மின்சாரத்தைக் கொண்டு வருவதில்லை; இந்த இணைப்புக்கு வெளியிலிருந்து மின் வருகிறது என்று சோதனைக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி மட்டுமே அது. கீகேட்டில், மின்வழங்கல் உள்ளீடு என்று வகைப்படுத்தி மறைத்து வைத்த முனை, தன் பெயரிலேயே வரைபடம் முழுவதற்குமான ஓர் இணைப்பில் சேர்ந்துகொள்ளும். உங்கள் வழங்கலின் பெயர் +3.3வி, முனையின் பெயர் வி.சி.சி. இரண்டும் சந்திக்கவே இல்லை. ஃபிளாக்கை இட்டால் சோதனை பிழையின்றி முடியும், போர்டும் அச்சாகி வரும், ஆனால் 14ஆம் முனைக்கு 3.3 வோல்ட் வழித்தடம் இருக்காது.

எல்லா ஐசிகளும் ஒரே ஐந்து வோல்ட்டில் ஓடிய காலத்தில் இந்த மறைப்பு வசதியாக இருந்தது. இரண்டு மின்னழுத்தங்கள் உள்ள வரைபடத்துக்கு அது பொருந்தாது.

கிண்ணியா வாசகி:
கோடுகள் மண்டுமென்ற கவலை வேண்டாம். இப்போதைய நூலகத்தில் 74எச்.சி.14இன் ஆறு இன்வேர்ட்டர்களும் ஆறு தனி அலகுகள், அதாவது தனித்தனியாக வைக்கக்கூடிய குறியீட்டுப் பகுதிகள். 14, 7 ஆகிய முனைகள் மட்டும் ஏழாவது அலகில் இருக்கும். அந்த அலகைத் தாளின் ஓரத்தில் வைத்து, மேலே +3.3வி, கீழே தரை, பக்கத்திலேயே 100 நானோஃபரட் கொள்ளளவி என்று வரைந்துவிடுங்கள். எல்.எம்.324க்கும் அப்படியே: 4ஆம் முனை ஐந்து வோல்ட்டுக்கு, 11ஆம் முனை தரைக்கு. வழங்கல் அலகை வைக்க மறந்தால் அந்த முனைகள் எதனோடும் இணையாமல் நின்றுவிடும் என்பதால், அதையே முதலில் வைப்பது நல்லது.

இப்படி வரைந்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: ஐந்து வோல்ட்டில் இயங்கும் எல்.எம்.324இன் வெளியீடு 3.3 வோல்ட் ஐசியின் உள்ளீட்டுக்குப் போகிறது. வெளியீடு 3.3ஐத் தாண்டக்கூடும் என்பதால், இடையில் மின்தடைகளால் பிரித்துக் குறைத்துக் கொடுங்கள். பயன்படுத்தாத இன்வேர்ட்டர்களின் உள்ளீடுகளைத் தரையோடு கட்டிவிடுங்கள்.

நிலாவெளியான்:
மிக்க நன்றி. ஏழாவது அலகு உள்ள புதிய குறியீட்டுக்கு மாற்றியதும் வி.சி.சி. பிழை நீங்கிவிட்டது. ஆனால் இப்போது அதே எச்சரிக்கை +3.3விக்கு வருகிறது. 3.3 வோல்ட் வெளியிலிருந்து ஒரு கனெக்டர் வழியாக வருகிறது.

உப்புவெளி அண்ணன்:
கனெக்டரின் முனைகள் மின்வழங்கல் வெளியீடு என்ற வகையில் இல்லாததால் அப்படித்தான் வரும். பவர் ஃபிளாக்குக்கு உரிய இடம் இதுதான். கனெக்டரின் பக்கத்தில் +3.3விக்கு ஒன்று இடுங்கள், தரைக்கும் அதே எச்சரிக்கை வந்தால் அதற்கும் ஒன்று.