பாலியில் நன்றி சொன்ன அனுபவங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வழிப்போக்கன்:

பாலிக்குப் போய்வந்த நம்மவர்கள் கோயில், கடற்கரை, படிக்கட்டு வயல் என்று நிறையப் படங்கள் போடுகிறார்கள். அங்கே இருக்கிறவர்களோடு என்ன பேசினார்கள் என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி எல்லோரும் எழுதலாம் என்று நினைக்கிறேன்: அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே நன்றி சொன்ன அனுபவம்.

"தெரிமா காசிஹ்" என்பது இந்தோனேசிய மொழி. நாடு முழுக்கச் செல்லும், சொன்னால் "சாமா சாமா" என்று பதில் வரும். ஆனால் பாலிக்காரர்கள் வீட்டிலும் கோயிலிலும் பேசுவது பாலி மொழி. அதில் நன்றிக்கு "சுக்ஸ்ம". மரியாதையோடு சொல்ல "மாத்துர் சுக்ஸ்ம". அதற்குப் பதில் "சுக்ஸ்ம மெவாலி", சில நேரம் வெறும் "மெவாலி".

இந்த மரியாதை விஷயம் அங்கே ரொம்பப் பெரியது. நமக்கு நீ, நீங்கள் என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அவர்களுக்குச் சொற்களே மாறும். பெரியவர் சாப்பிட்டால் "ங்கஜெங்". விலங்கு தின்பதற்கு "ங்கமாஹ்", அதை மனிதருக்குச் சொன்னால் வசவு. நெருங்கிய நண்பனிடம் நான் என்பது "இச்சாங்", மற்றவர்களிடம் "தியாங்". இதில் வெளியூர்ப் பயணி எங்கே நிற்பது? என்னைக் கேட்டால், யோசிக்காமல் மேல்தட்டுப் பேச்சிலேயே நிற்கலாம். பெட்டிக்கடைப் பையனுக்கும் "மாத்துர் சுக்ஸ்ம" சொல்லுங்கள். கூடுதல் மரியாதை கொடுத்ததற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உபுதில் நான் தங்கியது ஒரு குடும்பத்தின் வளாகத்துக்குள் இருந்த அறை. ஒரே மதிலுக்குள் அவர்கள் வீடு, குலக்கோயில், விருந்தினர் அறைகள் எல்லாம் இருக்கும். காலையில் வீட்டம்மா தட்டு நிறைய சானாங் சாரியோடு வருவார். தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டு அது. அடியில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும், மேலே கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று திசைக்கொரு நிறப் பூ. ஒவ்வொரு மாடத்திலும் வாசலிலும் ஒன்று வைத்து, ஊதுவத்தி செருகி, பூவால் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். கடவுளுக்கு அன்றாடம் சொல்லும் நன்றிதான் அது என்று அவரே சொன்னார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, காப்பி வைத்ததற்கு "மாத்துர் சுக்ஸ்ம, பு" என்றேன். இபு என்பதன் சுருக்கம் அது, அம்மா என்கிற மாதிரி. அவர் தட்டைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, "சுக்ஸ்ம மெவாலி" என்றார். கையில் தட்டோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் இறக்கி வைத்துவிட்டுத்தான் சொன்னார். அப்புறம் தினமும் காலையில் ஒரு புதுச் சொல் சொல்லிக் கொடுத்தார்.

மழைக்காலம்:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலியில் வேலை செய்கிற எல்லாரும் பாலிக்காரர்கள் இல்லை. ஜாவா, லொம்போக், சும்பா, ஃப்ளோரெஸ் என்று பல தீவுகளிலிருந்து வந்தவர்கள் சாங்கூ, குட்டா பக்கம் நிறைய இருக்கிறார்கள். பாடாங் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் சுமத்ராவின் மினாங் இனத்தவர். பக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டிக்காரர் அநேகமாக ஜாவாக்காரர். அவர்களுக்கு "தெரிமா காசிஹ்" போதும். ஜாவாக்காரர் என்று தெரிந்தால் "மாத்துர் நுவுன்" என்று சொல்லிப் பாருங்கள், அது அவர்கள் மொழி.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், நான் பெயரைத்தான் கேட்பேன். வயான், மடே, ஞோமான், கெதுத் என்றால் பாலிக்காரர். பிறந்த வரிசைப்படி முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று வைக்கிற பெயர்கள் அவை. புத்து, கடேக், கோமாங் என்பவையும் அதே வரிசையில் வரும். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயானிலிருந்து தொடங்கும். மதத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வடக்கே புலெலெங்கில் பெகயாமான் என்று ஒரு முஸ்லிம் கிராமம் இருக்கிறது. அங்கே இஸ்லாமியப் பெயருக்கு முன்னால் வயான், கெதுத் எல்லாம் இருக்கும், பேசுவதும் பாலி மொழிதான்.

லோவினாவிலிருந்து ஏறிய வண்டியின் ஓட்டுநரிடம் பெயரைக் கேட்டு, அவர் கெதுத் என்று சொன்ன பிறகு, இறங்கும்போது "மாத்துர் சுக்ஸ்ம, ப்ளி" என்றேன். ப்ளி என்றால் அண்ணன். பெண்ணாக இருந்தால் ம்போக், அக்கா. வெறும் நன்றியை விட இந்த உறவுச் சொல் சேர்ந்த நன்றிக்குத்தான் முகம் மலர்கிறது. நமக்கு இது புதிதே இல்லை, பேருந்து நடத்துநரையே அண்ணா என்று கூப்பிடுகிறவர்கள்தானே.

கடலோடி:

கிழக்கே கராங்காசெம் பக்கம், சிபேத்தான் ஊருக்கு அருகே ஸ்கூட்டர் டயர் பஞ்சராகி நின்றுவிட்டேன். மதியம், கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அந்த ஊர் முழுக்க சாலாக் தோட்டம். பாம்புத் தோல் மாதிரி செதில் செதிலாக இருக்குமே, அந்தப் பழம். தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆங்கிலம் தெரியாது. எனக்கு இந்தோனேசிய மொழி அரைகுறை. வண்டியைக் கையால் காட்டினேன். உள்ளே போய்ப் பேரனைக் கூட்டி வந்தார். அந்தப் பையன் தன் பைக்கில் போய்ப் பஞ்சர் ஒட்டுகிறவரையே பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்துவிட்டான்.

ஒட்டியவருக்குக் கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பெரியவரிடம் நீட்டினேன், இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "சிங் கென்கென், சிங் கென்கென்" என்றார். பரவாயில்லை என்று சாதாரணமாகச் சொல்லும் சொல். பணத்தை உள்ளே வைத்துவிட்டு, கை கூப்பி, "மாத்துர் சுக்ஸ்ம, பாக்" என்றேன். பாக் என்றால் ஐயா. அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. தோட்டத்துக்குள் கூட்டிப் போய், பறித்து வைத்திருந்த சாலாக்கை ஒரு பை நிறையப் போட்டுக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்வது, "ஐயோ வேண்டாம், ஏற்கெனவே உதவி செய்துவிட்டீர்கள்" என்று மறுப்பது. மறுக்காதீர்கள். வாங்கிக்கொள்வதும் நன்றியில் சேர்ந்ததுதான். வலக்கையால் வாங்குங்கள். பை கனமாக இருந்ததால் இடக்கையை அடியில் தாங்கலாகக் கொடுத்தேன், அது தப்பில்லை. இடக்கையை மட்டும் நீட்டுவதுதான் மரியாதைக் குறைவு. ஒன்றை அங்கேயே உரித்துத் தின்றேன். கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, மொறுமொறுவென்று, லேசான துவர்ப்போடு இருந்தது. "ஜாயேன்" என்று சொன்னேன், ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். கை கூப்பிச் சொன்ன நன்றியை விட அந்தச் சொல்லுக்குத்தான் பெரியவர் அதிகம் சந்தோஷப்பட்டார். பேரனைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினார்.

பச்சைமலை:

உச்சரிப்பு எப்படி? சிலர் சுக்ஸ்மா என்கிறார்கள், சிலர் சுக்ஸ்மெ என்கிறார்கள்.

வழிப்போக்கன்:

எழுத்தில் கடைசியில் அகரம், பேச்சில் அது முழு அகரமாக வராது. வாயைப் பாதி திறந்து, எகரத்தை நோக்கிப் போகிற மாதிரி தேய்த்து விட வேண்டும். நெடிலாக இழுக்காமல் இருந்தாலே போதும்.

நெய்தல்:

பாங்லி பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் ஒடாலானுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. ஒடாலான் என்பது கோயிலின் பிறந்தநாள் விழா, பெரும்பாலான கோயில்களில் 210 நாளைக்கு ஒருமுறை வரும். எங்களை அழைத்த குடும்பமே காமேன் என்கிற இடுப்புத் துணியும், மேலே கட்டும் செலெண்டாங்கும் கொடுத்து, என் கணவருக்குத் தலையில் உடெங் கட்டிவிட்டது.

பூசை முடிந்ததும் பூசாரி வரிசையாகத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். அங்கேயும் அதைத் தீர்த்தம் என்றே சொல்கிறார்கள். முதலில் தலையில் தெளிப்பார்கள். பிறகு இடக்கை மேல் வலக்கையை வைத்து ஏந்தி மூன்று முறை குடித்து, கடைசியாக முகத்தையும் தலையையும் துடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பீஜ, நனைத்த அரிசி. அதை நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி என் நெற்றியில் ஒட்டாமல் உதிர்ந்த அரிசியை எடுத்து, திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டார்.

தீர்த்தம் வாங்கும் நேரத்தில் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஏந்தும் கையே போதும். வரிசையை நிறுத்திச் சொன்னால் பூசாரிக்குத்தான் தொந்தரவு. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அவரிடம் "மாத்துர் சுக்ஸ்ம, ஜெரோ மங்கு" என்றேன். கோயில் பூசாரியை அப்படித்தான் அழைக்க வேண்டும், பாக் என்று கூப்பிடுவது அங்கே பொருந்தாது. வாசலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிக்கொண்டு நின்ற பெச்சலாங், அதாவது ஊர்க்காவலர்கள், கூட்ட நெரிசலில் எங்கள் வண்டிக்கு வழிவிட்டார்கள். அவர்களுக்கும் கை கூப்பிச் சொன்னோம். பயணிகள் யாரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தறிக்காரர்:

வேலை நிமித்தம் டென்பசாரில் கொஞ்ச காலம் குடியிருந்தேன். பயணியாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்ததால் பார்த்த விஷயம் இது. கலுங்கான் பண்டிகையின்போது "ங்கெஜோத்" என்று ஒரு வழக்கம், வீட்டில் செய்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது. வேறு மதத்துக்காரர் வீட்டுக்கும் போகும், முஸ்லிம் குடும்பங்கள் ரம்ஜானுக்குத் திரும்பக் கொடுக்கும். பண்டிகைக்கு முந்தைய நாள் பன்றி அடித்து லாவார் செய்வார்கள். நான் சைவம் என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தனியாகப் பழமும், ஜாஜே என்கிற அரிசிப் பலகாரமும் ஒரு கூடையில் வந்தது.

கூடையை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. கடையில் நல்ல மாம்பழமாகப் பார்த்து வாங்கிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, "மாத்துர் சுக்ஸ்ம, பு" என்றேன். அந்த அம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள், எனக்குப் புரியவில்லை. அடுத்த பண்டிகைக்குக் கூடை பெரிதாகிவிட்டது.

இன்னொன்று. வியாழக்கிழமை ஏதாவது அலுவலக வேலை இருந்தால் அன்றைக்கே போங்கள். 2018-இல் வந்த ஆளுநர் ஆணைப்படி அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அன்றைக்குப் பாரம்பரிய உடை, பேச்சும் பாலி மொழியில். வங்கிகளில்கூட உடெங் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் போனால் "ரஹஜெங் செமெங்" என்று வணக்கம் சொல்லி ஆரம்பித்து "மாத்துர் சுக்ஸ்ம" என்று முடிக்கலாம். மற்ற நாட்களில் இந்தோனேசிய மொழிக்குத் தாவிவிடுகிறவர்கள் அன்று நின்று பொறுமையாகப் பதில் சொல்வார்கள். தங்கள் மொழியை அடுத்த தலைமுறை விட்டுவிடுமோ என்கிற கவலை அவர்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. 2019 முதல் ஒவ்வொரு பிப்ரவரியையும் பாலி மொழி மாதமாகக் கொண்டாடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இரண்டு சொல் பேசினால் அவர்களுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்பது அங்கே இருந்தால்தான் தெரியும்.

பச்சைமலை:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. சிடெமெனில் ஒரு வீட்டில் தங்குகிறோம். அம்மாவுக்கு இத்தனையும் சொல்லிக் கொடுக்க முடியாது. எதை மட்டும் சொல்லட்டும்?

நெய்தல்:

தம்பி, உங்கள் அம்மாவுக்குக் கை கூப்பத் தெரியும், பாதி வேலை முடிந்தது. "மாத்துர் சுக்ஸ்ம" ஒன்றை மட்டும் விமானத்தில் போகும்போது பழக்கிவிடுங்கள். தரையில் இருக்கும் சானாங்கை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள். வாசல் கோலத்தை மிதிக்காதவர்களுக்கு இது தானாக வந்துவிடும். வீட்டுக்காரர்கள் அம்மாவை இபு என்று கூப்பிடுவார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிளம்பும் அன்று நீங்கள் சொல்ல வேண்டியது: "மாத்துர் சுக்ஸ்ம, பு. தியாங் பமித் டுமுன்." விடைபெறுகிறேன் என்று அர்த்தம். வண்டி வந்த பிறகு அவசரமாகச் சொல்லாதீர்கள். பெட்டியை எடுத்து வைப்பதற்கு முன்னால், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள். அவசரத்தில் சமையல்கட்டில் இருக்கும் பாட்டியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.