இன்ஹேலர் வேண்டாம் என்கிறார்கள், எப்படிப் புரியவைப்பது?

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு 19 வயது, சின்ன வயதிலிருந்தே வீசிங். மூச்சு நன்றாக இருக்கும் நாட்களிலும் தினமும் எடுக்கச் சொல்லி டாக்டர் பியூடசோனைட் (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கிற மருந்து) இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் கேட்டால்தானே! "அது பழகிவிடும், கடைசி மருந்து" என்று மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். போதாததற்கு வரன் பார்க்கிற நேரம், யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவசரத்துக்கு வைத்திருக்கும் பஃப்பைக்கூட அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள் அக்கா, ராத்திரி இழுப்பு வந்தால் அந்தப் பெண் இருட்டில் போய்த் துழாவ வேண்டும்.

அந்த அவசர பஃப்பில் இருப்பது மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால், ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், மாத்திரையில் அதே மருந்து 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு, கை நடுங்குவதும் படபடப்பும் அதனால்தான் என்று சொன்னாலும் ஏறவில்லை. தூதுவளை ரசம் தாராளமாகக் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுகிறார்களே, அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் பேச்சு எடுபட்டது? ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்துகிற குழாய்) வைத்து எடுப்பதைத் தமிழில் பொறுமையாகக் காட்டும் வீடியோ இருந்தால் அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று, டாக்டர்கள் யாராவது இருந்தால்: ஸ்பைரோமெட்ரியில் (ஊதச்சொல்லி நுரையீரல் திறனை அளக்கிற பரிசோதனை) இனவாரியாக அளவை மாற்றிப் பார்க்கும் பழைய முறையை விடச்சொல்லி 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் பரிந்துரைத்ததே, இங்கே ரிப்போர்ட்டில் எந்த அளவுகோலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது?